கருத்த பவளமும் என் மஞ்சள் ஃபில்டரும்

சாகப் போகிற கல்

"அக்கா, ஒரு உசுரு போகப்போகுது. அதுக்கு முன்னால ஒரு போட்டோ எடுக்கணும். கலர்ல."

எங்கள் ஸ்டுடியோ வாசலில் நின்று இப்படிச் சொன்னவர் சேவியர். பேங்க் கிளார்க். தூத்துக்குடிக்காரர், மாற்றலாகி சங்கரன்கோவிலுக்கு வந்தவர். எண்பதுகளின் முற்பகுதி அது. கலர் ஃபிலிம் என்பது கல்யாணத்துக்கு மட்டும் கேமராவில் ஏறும். மற்றதெல்லாம் பிளாக் அண்ட் ஒயிட். நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து ஸ்டுடியோ நடத்தினோம். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை என்று வெளியே அலைவது அவர். உள்ளே லைட் செட் பண்ணுவது, நெகட்டிவில் பென்சிலால் குறை திருத்தும் டச்சிங், பெண்களையும் குழந்தைகளையும் படம் எடுப்பது என் வேலை.

படுக்கையில் கிடப்பவர்களைப் படம் எடுக்கச் சொல்லி ஆள் வருவது புதிதல்ல. நான் கேமரா பையை எடுத்துக்கொண்டே, "யாருக்கு சார் முடியல?" என்றேன்.

"கல்லுக்குக்கா."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. உட்காரச் சொன்னேன். அப்புறம்தான் விஷயம் வந்தது. அவர் வீட்டில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. அதில் கடல் தண்ணீர். அதற்குள் உயிரோடு ஒரு பவளம். தூத்துக்குடிப் பக்கம் முருகைக்கல் என்பார்கள். அவருடைய அண்ணன் மைக்கேல் சங்கு குளிப்பவர். அவர்தான் கடலடியிலிருந்து கைப்பிடி அளவு எடுத்து வந்து தம்பிக்குக் கொடுத்திருக்கிறார். கடல் பார்க்காமல் தூக்கம் வரவில்லை என்று தம்பி புலம்பியதற்காக. (அந்தக் காலத்தில் அதற்குத் தடை இல்லை. பின்னாளில் சட்டம் வந்துவிட்டது. இதைப் படித்துவிட்டு யாரும் பவளம் எடுக்கக் கிளம்ப வேண்டாம்.)

"வந்தப்ப பச்சைப் பசேல்னு இருந்ததுக்கா. இப்ப கருப்பட்டி மாதிரி ஆயிட்டு. அண்ணன் போன தடவை பாத்துட்டு, 'இது சாகுதுலே, அடுத்த தடவை வரும்போது எடுத்துட்டுப் போயி எடுத்த எடத்துலயே போட்டுருதேன்'னு சொல்லிட்டான். அவன் சொன்னா செய்வான். அதான், அதுக்குள்ள ஒரு படம்."

பாதி எடுத்துக் கழற்றி வைத்திருந்த கலர் ரோல் ஒன்று இருந்தது. கரிவலம்வந்தநல்லூர் கல்யாணம் ஒன்றின் மிச்சம். அதை வைத்து எடுக்கலாம் என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால், கல்லைப் பார்க்கும் ஆசையும் ஒரு காரணம்.

டியூப் லைட்டுக்குக் கீழே ஒரு கடல்

கழுகுமலை ரோட்டுப் பக்கம் வாடகை வீடு. முன் அறையில் பாதியை அந்தத் தொட்டி பிடித்துக்கொண்டிருந்தது. உப்பு பட்டுச் சுவர் பொரிந்திருந்தது. தொட்டிக்குள் காற்றுக் குமிழி விட ஒரு சின்ன மோட்டார். பக்கத்தில் காற்று அடைத்த லாரி டியூப் ஒன்று. கரண்ட் போனால் அதிலிருந்து ரப்பர் குழாய் வழியாகக் காற்று போகும். இதைப் பார்த்ததும் சேவியர் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

அவர் மனைவி ரெஜினா காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"நீங்களாவது சொல்லுங்கக்கா. கேன் கேனா கடத்தண்ணிய பஸ்ல ஏத்திட்டு வாராவ. கண்டக்டர் ஏசுதான். ஹவுஸ் ஓனர் ஏசுதாரு. எதுக்கு? இந்தக் கருப்பட்டிக்கு."

உண்மைதான். கருப்பட்டிக் கட்டி மாதிரிதான் இருந்தது. மூளையில் இருப்பது போன்ற மடிப்பு மடிப்பான மேல் பகுதி. தலைக்கு மேலே ஒற்றை டியூப் லைட். அதன் வெளிச்சம் கல்லுக்குப் போய்ச் சேரும்போது சோர்ந்துவிடுகிறது. ஜன்னலையும் சாத்தி வைத்திருந்தார்கள், தண்ணீர் சூடாகிவிடும் என்று.

டியூப் லைட்டில் கலர் ஃபிலிம் எடுத்தால் படம் முழுக்க ஒரு பச்சைப் பூச்சு விழும். கல்லின் நிறம் எது, லைட்டின் நிறம் எது என்று தெரியாது. அதனால் ஸ்டுடியோவிலிருந்து ஐந்நூறு வாட் பல்பும் ஸ்டாண்டும் கொண்டுபோயிருந்தேன். கூடவே நீல ஜெலட்டின் பேப்பர். நிலா வெளிச்சம் மாதிரி காட்ட லைட்டுக்கு முன்னால் கட்டுவோம். "கடலுக்குள்ள இருக்குற மாதிரி படம் வேணும்" என்று சேவியர் கேட்டிருந்தார்.

ஸ்டாண்டை நிறுத்தி, பல்பை மாட்டி, ஸ்விட்சைப் போட்டேன். தொட்டி ஒரு நொடி பளிச்சென்றது. அப்படியே ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

புறவாசல் வெயில்

சேவியர் ஓடிப்போய் லாரி டியூபைத் திறந்துவிட்டார். கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. திரும்பிப் போகலாமா என்று யோசித்தபோது புறவாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சங்கரன்கோவிலில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் வெயிலுக்கு வராது.

"தம்பி, வீட்டுல பெரிய கண்ணாடி இருக்கா?"

பீரோவை ஒட்டி நின்ற முகம் பார்க்கும் கண்ணாடியைத் தூக்கி வந்தார். அதைப் புறவாசலில் பிடித்து, வெயிலைக் கதவு வழியாக முன் அறைக்குத் திருப்பச் சொன்னேன். முதலில் கூரையில் விழுந்தது, பிறகு காலண்டரில், பிறகு என் கண்ணில். கடைசியில் தொட்டியில் வந்து நின்றது. ரெஜினா நீலப் பேப்பரை இரண்டு கையாலும் பிடித்து, வெயில் வருகிற பக்கமாகத் தொட்டியை ஒட்டி நின்றாள். அறை முழுக்க நீலமாகிவிட்டது. கல்லும் நீலம், மணலும் நீலம், ரெஜினாவின் கையும் நீலம்.

என் கேமரா எஸ்.எல்.ஆர். லென்ஸ் எதைப் பார்க்கிறதோ அதையே நம் கண்ணும் பார்க்கும். ஸ்டாண்டில் வைத்து, குனிந்து வியூஃபைண்டரில் கண்ணை வைத்தேன்.

நீலமே இல்லை.

எல்லாம் இருட்டு. மணல் இருட்டு, தண்ணீர் இருட்டு. நடுவில் கல் மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. கடிகாரத்தில் ரேடியம் முள் எரியுமே, அந்தப் பச்சை. மடிப்பு மடிப்பாக, ஓரம் ஓரமாக, உள்ளிருந்து யாரோ விளக்கு ஏற்றியது போல.

தலையைத் தூக்கி வெறும் கண்ணால் பார்த்தேன். நீலம். கல்லில் எங்கேயோ லேசாக ஒரு பச்சைச் சாயல், அவ்வளவுதான். மறுபடி குனிந்தேன். பச்சை!

"ஐயோ!" என்று கத்திவிட்டேன். ரெஜினா பயந்துபோய்ப் பேப்பரைக் கீழே போட்டாள். உடனே எல்லாம் அணைந்து பழைய கருப்பட்டி ஆகிவிட்டது.

"பிடி, பிடி! பேப்பரப் பிடிம்மா!"

பிடித்தாள். எரிந்தது. விடச் சொன்னேன். அணைந்தது. மூன்று நான்கு தடவை அப்படியே செய்து பார்த்தோம். புறவாசலிலிருந்து சேவியர், "என்னக்கா? என்ன ஆச்சு? கல்லு செத்துட்டா?" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியை விட்டுவிட்டு வரவும் முடியவில்லை.

ஏன் இப்படி என்று எனக்கு அப்போது தெரியாது. லென்ஸைத் தடவிப் பார்த்தபோதுதான் ஒரு பகுதி புரிந்தது. அன்று காலையில் மேகத்தோடு கோபுரம் எடுக்க மஞ்சள் ஃபில்டர் போட்டிருந்தேன். பிளாக் அண்ட் ஒயிட்டில் வானம் வெளுக்காமல் மேகம் எடுப்பாக விழ அதைப் போடுவோம். ஃபிலிமை மாற்றியவள் ஃபில்டரைக் கழற்ற மறந்திருக்கிறேன். மஞ்சள் கண்ணாடி நீலத்தை உள்ளே விடாது. அப்படியானால் அந்தப் பச்சை நீலப் பேப்பரிலிருந்து வரவில்லை. கல்லிலிருந்தே வருகிறது. நீலத்தை வாங்கிக்கொண்டு பச்சையாகத் திருப்பித் தருகிறது!

நாங்கள் இடம் மாற்றிக்கொண்டோம். நான் கண்ணாடி பிடிக்க, சேவியர் வந்து பார்த்தார். பார்த்தவர் எழுந்திருக்கவே இல்லை. முதுகு மட்டும் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் புறவாசலிலிருந்து தெரியவில்லை.

அடுத்தது ரெஜினா. பார்த்துவிட்டு நேராக ரேடியோப் பெட்டி மேலே அலங்காரத்துக்கு வைத்திருந்த ஒரு வெள்ளைப் பவளத்தை எடுத்து வந்தாள். எப்போதோ செத்துக் காய்ந்தது. "இதையும் உள்ள போட்டுப் பாருங்க" என்றாள். போட்டோம். அது எரியவில்லை. இருட்டிலேயே கிடந்தது. எங்கள் கல்லிலும் அடியில் ஓர் ஓரம் இருட்டாக இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்த சேவியர், அந்த இடத்தில் சதை இல்லை என்றார்.

"அப்ப உசுரு இருக்குற எடம்தான் எரியுது" என்றாள் ரெஜினா. கருப்பட்டி என்று ஏசியவள் அவள்தான். "ஏங்க, இது சாகலங்க. சும்மா கருத்துருக்கு."

ரோலில் மிச்சமிருந்த அத்தனை ஃபிரேமையும் அங்கேயே முடித்தேன். மஞ்சள் ஃபில்டரோடு பாதி, இல்லாமல் பாதி.

அவசரம்

பச்சை உள்ளே இருக்கிறது, வெளியே தெரியவில்லை. அப்படியானால் வெளிச்சம்தான் போதவில்லை என்று மூன்று பேருமே பேசிக்கொண்டோம். அதுவரை சரி. அதற்கப்புறம் சேவியருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தெருவிளக்கில் போடுகிற மெர்க்குரி லாம்ப் ஒன்றைப் பிடித்து வந்து தொட்டிக்கு ஒரு முழம் மேலே தொங்கவிட்டார். கல்லையும் அடியிலிருந்து எடுத்து மேல் தட்டில் வைத்துவிட்டார்.

சில நாளில் ரெஜினா மூச்சு வாங்க ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

"அக்கா, கல்லு வெளுத்துட்டு! சாம்பல் மாதிரி இருக்கு. நாளைக்கு அவுக அண்ணன் வாராவ. இவுக சாப்பிடாம உக்காந்துருக்காவ."

போய்ப் பார்த்தேன். மேல் பக்கம் நன்றாக வெளுத்திருந்தது. பக்கவாட்டில் திட்டுத் திட்டாகப் பழைய பழுப்பு. மெர்க்குரி லாம்பை முதலில் அணைக்கச் சொன்னேன். சேவியர் கல்லை மறுபடி அடியில் வைத்தார்.

அண்ணன் வந்தார்

மைக்கேல் அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். நானும் மஞ்சள் ஃபில்டர் மாட்டிய கேமராவோடு போயிருந்தேன். அகலமான தோள், உப்பில் சிவந்த கண். செருப்பைக் கழற்றியவர் யாரிடமும் பேசாமல் தொட்டி முன்னால் குத்தவைத்தார்.

"ஏலே, கருத்துட்டுன்னு சொன்னேன். இப்ப வெளுக்க வச்சிருக்கியே! நீ ஆசப்பட்டேன்னுதான் எடுத்துக் குடுத்தேன். கொல்லுததுக்கா குடுத்தேன்?"

சேவியர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "அண்ணே, உள்ள பச்சை இருக்குண்ணே. நான் பாத்தேன்."

"என்னலே பச்ச? எனக்குக் கண்ணு இல்லியா?"

"அண்ணாச்சி, ஒரே ஒரு தடவை இதுல பாருங்க. அப்புறம் எடுத்துட்டுப் போறதுன்னா போங்க" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்தார். சம்மதம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது போதும் என்று ரெஜினா கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு புறவாசலுக்கு ஓடினாள். சேவியர் நீலப் பேப்பரைப் பிடித்தார். வெளுத்த கல்லில் அந்தப் பச்சை இன்னும் இருக்குமா என்று எனக்கே தெரியாது. நான் முதலில் பார்க்காமல் அவரையே பார்க்கவிட்டேன்.

கண்ணை வைத்தவர் அசையவில்லை. பின்பு கேமராவைச் சுற்றி எட்டிப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார். லென்ஸுக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தார்.

"மாதாவே!" என்றார். "முழுசும் எரியுதே தங்கச்சி!"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. தாடையைத் தடவிக்கொண்டே தனக்குத்தானே பேசுவது போல ஆரம்பித்தார்.

"பாருப் பாறைக்கு மேல வெயிலுபடக் கெடக்குறது ஒரு நெறமா இருக்கும். பொடவுக்குள்ள, பாறைச் சந்து இருட்டுல கெடக்குறது கருப்பா இருக்கும். நான் அது ரெண்டும் வேற வேற சாதின்னுல்லா நெனச்சிருந்தேன். ஒண்ணுதானோ? வெளிச்சம்தான் மாத்துதோ?" சட்டென்று தம்பி பக்கம் திரும்பினார். "இந்த இருட்டுல, பொடவுக்குள்ள மாதிரி கெடந்தத தூக்கி நீ உச்சி வெயில்ல போட்டுருக்கியேலே."

அவர் சொன்னதுதான் சரி. பல வருஷம் கழித்துக் கல்லூரியில் விலங்கியல் படித்த என் மகள் இதை எனக்கு விளக்கினாள். பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பழுப்புப் பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சம் குறைந்தால் அவை பெருகி, பச்சையை மூடிவிடும். வெளிச்சம் திடீரென்று கூடினால் பவளம் அவற்றை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். அன்று எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"அடுத்த மாசம் வாரேன். அதுவரைக்கும் பாப்போம்" என்றார் அண்ணாச்சி. போகும்போது தம்பியின் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். அது கோபத் தட்டு இல்லை.

மல் துணி

மெல்லிசான மல் துணிக்கு எங்கள் ஊரில் குறைவில்லை, தறி ஊர் ஆயிற்றே. குழந்தைகளைப் படமெடுக்கும்போது லைட் முகத்தில் சுள்ளென்று விழாமல் இருக்க நான் மல் துணியை மடித்து முன்னால் கட்டுவேன். அதையே தொட்டிக்குச் செய்தோம். மெர்க்குரி லாம்பை உயரத்தில் ஏற்றி, கீழே நான்கு மடிப்புத் துணி. கல் அடியிலேயே இருக்கட்டும். அதன் சதை உப்பிக்கொண்டு தெளிவாகத் தெரிந்தால் ஒரு மடிப்பை எடுப்பது. சுருங்கினால் திரும்பப் போடுவது. கூடவே பந்தலுக்குப் போடுகிற நீல டியூப் ஒன்றை வாங்கி ஓரத்தில் மாட்டினோம்.

தினமும் ஸ்டுடியோவை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்ப்பேன். முதல் சில நாள் ஒன்றும் இல்லை. சேவியர் துணியை எடுக்கத் துடிப்பார். ரெஜினா விடமாட்டாள். "கைய வச்சீங்க, தெரியும்" என்பாள். துணிக்கு இப்போது அவள்தான் காவல்.

இதற்கிடையில் மதுரை கலர் லேபிலிருந்து பிரிண்ட் வந்தது. ஆசையோடு கவரைப் பிரித்தேன். கல்யாணப் பெண் அழகாக இருந்தாள். கல் மட்டும் மங்கிய சாம்பல் நிறம். பச்சை எங்கே? மறுநாளே நெகட்டிவோடு பஸ் ஏறினேன். லேபில் பிரிண்ட் போடுகிறவர் தன்மையாகத்தான் பேசினார்.

"பச்சை ரொம்ப ஏறிக் கெடந்துச்சுக்கா. டியூப் லைட்ல எடுத்துட்டீங்க போலன்னு நான்தான் கொறச்சு விட்டேன்."

"அது ஏறினது இல்ல தம்பி. அந்தக் கல்லே அப்படித்தான். ஒண்ணும் கொறைக்காம அப்படியே போடுங்க."

அவர் நம்பவில்லை. ஆனாலும் போட்டார். பிரிண்ட் ஈரத்தோடு வெளியே வந்தபோது லேபில் இருந்த அத்தனை பேரும் சுற்றி நின்றுவிட்டார்கள். இது எந்த ஊர் சாமி அலங்காரம் என்று ஒருவர் கேட்டார். "சங்கரன்கோவில் கடல்" என்றேன். திரும்பி வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் அந்தக் கவரைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

கடைசி மடிப்பை எடுத்தபோது கல் வெளுப்பும் இல்லை, கருப்பட்டியும் இல்லை. தேன் நிறத்தில் மேடு, பள்ளங்களில் பச்சை. நீல டியூபை மட்டும் எரியவிட்டால் ஃபில்டர் இல்லாமலே, வெறும் கண்ணுக்கே பச்சை துலங்கியது. ஹவுஸ் ஓனர் சுவரைப் பற்றிச் சண்டை போட வந்தவர், தொட்டியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் அவர் சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

மஞ்சள் கண்ணாடித்தாள்

மைக்கேல் அண்ணாச்சி சொன்னபடி வந்தார். கல்லைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். எடுத்துப்போகிற பேச்சையே எடுக்கவில்லை. காப்பி குடிக்கும்போது மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, கடலடியில எல்லாம் நீலம்தான். செவப்புத் துணி கூட அங்கன கருப்பாத் தெரியும். அப்ப, அங்கன கெடக்குற கல்லெல்லாம் இப்படி எரிஞ்சிக்கிட்டுத்தான் கெடக்குமோ? நாந்தான் பாக்கலியோ?"

எங்கள் யாருக்கும் தோன்றாத கேள்வி. ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய், பின்னணிக்கு வைத்திருந்த மஞ்சள் கண்ணாடித்தாளை வெட்டி, அவர் முக்குளிக்கப் போடுகிற கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும்படி கொடுத்தனுப்பினேன்.

அடுத்த வாரம் மத்தியானம். ஸ்டுடியோவில் ஒரு புதுமணத் தம்பதியை உட்கார வைத்து ஃபோகஸ் பண்ணிக்கொண்டிருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணாச்சி வந்தார். நெற்றியில் கண்ணாடி அழுத்திய தடம் கூட இன்னும் மறையவில்லை. கரையேறியவர் வீட்டுக்குப் போகாமல் நேரே பஸ் ஏறியிருக்கிறார்.

"தங்கச்சி, எரியுது! அடியில அங்கங்க எரியுது! வீட்டுல உள்ள மாதிரி பளிச்சுன்னு இல்ல, மங்கலா. ஆனா இருக்கு. இத்தன வருசமா அதுக்கு மேல நீந்திருக்கேன். சங்கத் தவிர ஒண்ணும் பாக்கல. இன்னைக்கு சங்கே எடுக்கல!"

மாப்பிள்ளையும் பெண்ணும் போஸ் கொடுப்பதை விட்டுவிட்டு வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி இரண்டு கையையும் விரித்து எது எங்கே எப்படி எரிந்தது என்று அவர்களுக்கும் சேர்த்தே காட்ட ஆரம்பித்தார். அந்தப் பெண் சிரித்தாள். அதற்குமுன் எவ்வளவு சொல்லியும் சிரிக்காத பெண். டக்கென்று அமுக்கினேன். அந்த மாதம் நான் எடுத்த படங்களில் அதுதான் முதல் தரம்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு முகத்தையோ ஒரு பொருளையோ பார்த்து நிறம் இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், அது எந்த வெளிச்சத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வெளிச்சத்தை மாற்றிப் பாருங்கள். மாற்றும்போது துணியை ஒவ்வொரு மடிப்பாக எடுங்கள். அப்புறம், பிரிண்ட் போடுகிறவர் நிறத்தைக் குறைத்துவிட்டால் சும்மா வாங்கிக்கொண்டு வராதீர்கள். மதுரைக்கு இன்னொரு தடவை பஸ் ஏறுங்கள்.